ஜோசப் லெய்டியின் வழியில் குளத்து அமீபாவைக் காண்பது எப்படி?

1823இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த ஜோசப் லெய்டி, 1853 முதல் 1891இல் மறையும் வரை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்தார். நியூ ஜெர்சியில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து, 1858இல் ஹாட்ரோசாரஸ் என்னும் டைனோசருக்குப் பெயர் சூட்டியவரும் அவரே. எனினும் என் மனத்தில் நிற்பது 1879இல் வெளிவந்த அவருடைய மற்றொரு பணி: வட அமெரிக்க நன்னீர் அமீபா வகைகளை 48 படத்தாள்களுடன் விளக்கிய பெருநூல். அவர் கண்ட உயிர்களின் உறவினங்களை ஒரு சாதாரணப் பள்ளி நுண்ணோக்கியிலேயே நீங்களும் காணலாம்.

முதலில் சேறு எடுக்க வேண்டும். ஓடாத நீருள்ள குட்டையோ குளமோ போதும். லெய்டி செய்ததைப் போலச் சிறு கரண்டியைக் குச்சியில் கட்டி, அடிச்சேற்றின் மேற்படலத்தை மட்டும் மெல்ல வழித்தெடுங்கள். ஒளி படும் அந்தப் படலத்தில்தான் பாசித் துணுக்குகள் இருக்கும். அவற்றைத் தின்னும் அமீபாக்களும் அங்கேயே ஊரும். நான் முதன்முறை புட்டியையே சேற்றில் அமிழ்த்தி எடுத்தபோது, கரிய அழுகல் மண்ணைத் தவிர வேறெதுவும் கிட்டவில்லை.

அடுத்து, அந்தக் கலங்கல் நீரை வாயகன்ற புட்டியில் ஊற்றி, நேர்வெயில் படாத சன்னலோரம் ஒரு நாள் வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். வண்டல் படிந்தபின், டிராப்பரின் ரப்பர் குமிழை நீருக்கு வெளியிலேயே அழுத்திக்கொண்டு, நுனியை வண்டலின் மேற்பரப்புக்குக் கொண்டுசென்று தளர்த்துங்கள். ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டு, ஓரத்தில் ஒரு தலைமயிரை வைத்த பிறகே கவர்ஸ்லிப் என்னும் மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடுங்கள்; அந்த மயிரிழை தரும் இடைவெளி, உயிர்கள் நசுங்காமல் காக்கும்.

இனிப் பொறுமை வேண்டும். நூறு மடங்கு உருப்பெருக்கத்தில் தொடங்கி, வெளிச்சத்தைக் குறையுங்கள்; கண்ணாடிபோல் தெளிந்த உடலின் விளிம்பு அப்போதுதான் புலப்படும். தேநீர் நிறத்தில் வட்டத் தட்டுப்போல் கிடப்பது அர்செல்லா என்னும் கூடுள்ள அமீபா. மணல் துகள்களை ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும் டிஃப்லூஜியா, முதற்பார்வைக்கு வெறும் மண்குவியலாகவே தெரியும். அதை விலக்கிவிடாமல் பத்து நிமிடம் கவனியுங்கள்: கூட்டின் வாயிலிருந்து நிறமற்ற ஒரு விரல் நீளும், பின் இன்னொன்று நீளும், மண்குவியலே மெல்ல நகரத் தொடங்கும்.

கண்டதை அப்போதே வரைவதுதான் இந்தப் பயிற்சியின் உயிர்நாடி. 1846இல் பன்றி இறைச்சியில் சிறு புள்ளிகளைக் கண்ட லெய்டி, மனிதத் தசையை அறுத்து ஆராய்ந்தபோது பார்த்த புள்ளிகளை நினைவுகூர்ந்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அது தசையில் ஒட்டுண்ணியாக வாழும் ட்ரைக்கினா புழுவே என்று கண்டறிந்தார். முன்பு பார்த்ததை அவ்வளவு துல்லியமாக மனத்தில் வைத்திருந்ததால்தான் அந்தக் கண்டுபிடிப்பு கைகூடியது. ஆகவே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை உடலின் எல்லைக்கோட்டை மட்டும் பென்சிலால் வரைந்து, நேரத்தை அருகில் குறியுங்கள். பெயர் பிறகு தேடிக்கொள்ளலாம்.

கவர்ஸ்லிப்பின் ஓரம் வறளும்போது அதே புட்டி நீரை ஒரு துளி விட்டால், அதே அமீபாவை வெகுநேரம் தொடர்ந்து பார்க்கலாம். வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். புட்டியைக் கொட்டிவிடாதீர்கள், அந்த நீர் வாரந்தோறும் வேறு உயிர்களைக் காட்டும்.