ட்ரைகிளிசரைடும் மரத்துப்போகும் பாதமும்

நீரிழிவு உள்ளவர்கள் பலர் ரத்தக் கொழுப்பு அறிக்கையில் கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். ரத்தத்திலுள்ள மற்றொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு என்ற வரியையும் படியுங்கள். அது டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டினால் மிகுதி; அவ்வாறு மிகுந்தவர்களிடம் கால் நரம்பிழைகள் விரைவாகக் குறைவதை ஆய்வுகள் சுட்டியிருக்கின்றன. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்பதால் மட்டும் நரம்பு தப்பிவிடும் என்று எண்ண வேண்டாம்.

பாதத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். நீரிழிவுள்ளவர் கண்களை மூடியிருக்க, மற்றொருவர் இரு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடிகள் மெல்லத் தொட வேண்டும். அழுத்தவோ தடவவோ கூடாது. ஆறு தொடுதல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்ச்சி குன்றியிருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் காட்டுங்கள். மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையை நெடுநாள் உட்கொள்பவர்கள் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அதன் குறைவும் இதே மரமரப்பைத் தரும்.

ட்ரைகிளிசரைடைக் குறைக்க எண்ணெயைக் குறைத்தால் போதும் என்பது பாதி உண்மைதான். குவித்துப் போட்ட சோறு, சர்க்கரை சேர்த்த பழச்சாறு, மது ஆகியவற்றையே முதலில் குறைக்க வேண்டும்.