எழுவாய் இல்லாத வாக்கியத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

சித்திரை மாதம் மதுரையில் யாரைக் கேட்டாலும் 'புழுங்குகிறது' என்பார்கள். எது புழுங்குகிறது என்று கேட்டால் பதில் கிடையாது. செய்பவர் என்று யாரையும் காட்டாத இந்த வகையை ஆங்கில இலக்கணத்தில் இம்பெர்சனல் என்கிறார்கள். இங்கே ஆள் சுட்டாத வாக்கியம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி: வினைமுற்றின் விகுதியைப் பாருங்கள். 'மாட்டுத்தாவணிக்குப் போனேன்' என்பதில் 'நான்' இல்லை. ஆனால் 'ஏன்' விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். இது பள்ளியில் படித்த தோன்றா எழுவாய். நாம் தேடுவது இது அல்ல.

இரண்டாம் படி: ஆளை மாற்றிப் பாருங்கள். எனக்குப் பசிக்கிறது, உனக்குப் பசிக்கிறது, அவர்களுக்குப் பசிக்கிறது. வினை அசையவே இல்லை. பசிப்பவர் 'கு' உருபோடு நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். எழுவாய் இடம் காலி.

மூன்றாம் படியில்தான் பலரும் தடுமாறுவார்கள். 'எனக்குக் கால் வலிக்கிறது' என்பதிலும் 'எனக்கு' இருக்கிறது. சரி, காலைப் பன்மையாக்குங்கள்: 'எனக்குக் கால்கள் வலிக்கின்றன.' வினை மாறிவிட்டது. அப்படியானால் கால்தான் எழுவாய். அடுத்து, 'எனக்கு ஜிகர்தண்டா பிடிக்கும்.' ஜிகர்தண்டாவை எழுவாய் என்று சொல்லத் தோன்றும். அந்த இடத்தில் ஓர் ஆளை வைத்துப் பாருங்கள்: 'எனக்கு அவரைப் பிடிக்கும்.' மறைந்திருந்த 'ஐ' உருபு வெளியே வந்துவிட்டது. ஆக, ஜிகர்தண்டா செயப்படுபொருள். எழுவாய் இங்கே இல்லவே இல்லை. எனக்குப் பிடித்த சோதனை இதுதான், அநேகமாக ஏமாற்றாது.

'செருப்புடன் உள்ளே வரக் கூடாது' என்ற கோயில் அறிவிப்பும் யாரையும் சுட்டவில்லை. ஆனால் 'நான் வரக் கூடாது' என்று எழுவாயோடும் சொல்லலாம். அதனால் கூடாது, வேண்டும் இரண்டையும் இப்போதைக்குத் தனியாக வையுங்கள்.

ஆங்கிலத்துக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'மழை பெய்கிறது' என்பதில் மழை எழுவாய். ஆங்கிலத்தில் 'இட் இஸ் ரெயினிங்'. அந்த 'இட்' எதையும் குறிக்காமல் இடத்தை மட்டும் நிரப்புகிறது. பசிக்கு நேர்மாறு: 'ஐ ஆம் ஹங்கிரி' என்று ஆளே எழுவாயாகிவிடுகிறார்.

அப்புறம், பயிற்சிக்கு ஒன்று: 'எனக்குச் சளி பிடித்திருக்கிறது.' இதுவும் அதே 'பிடி'தான், ஆனால் இங்கே பிடித்தது சளி, அதுவே எழுவாய்.