வட்டமாதல்: எங்கெல்லாம் தவறாகப் புரிந்துகொள்கிறோம்

வானியலிலும் 'வட்டமாதல்' உண்டு, மூலக்கூறு உயிரியலிலும் உண்டு. சொல் ஒன்றாக இருப்பதால் விஷயமும் ஒன்றுதான் என்று நினைப்பதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. வானியலில் பேச்சு வடிவத்தைப் பற்றியது, நீள்வட்டப் பாதை மெல்ல வட்டத்தை நெருங்குகிறது. டிஎன்ஏவில் வடிவம் முக்கியமே இல்லை; இரண்டு முனைகளும் ஒட்டிவிட்டால், எப்படி முறுக்கிச் சுருண்டு கிடந்தாலும் அது வட்ட டிஎன்ஏதான்.

முதலில் வானம். நீண்ட பாதை, அளவு மாறாமல் அப்படியே வட்டமாகிவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி நடக்காது. கோள் நட்சத்திரத்தை நெருங்கும் ஒவ்வொரு முறையும் ஓத விசை (அருகுப் பக்கத்தையும் தொலைப் பக்கத்தையும் வெவ்வேறு அளவில் இழுக்கும் ஈர்ப்பு) அதை மாவு மாதிரிப் பிசைகிறது, அதில் பாதையின் ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது, ஆனால் கோண உந்தம் (சுற்றும் இயக்கத்தின் அளவு) ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. அதனால் பாதையே சுருங்கும். எச்டி 80606 பி என்ற கோளைப் பாருங்கள்: ஒரு சுற்றுக்கு 111 நாள், மையத்தொலைத்தகவு (பாதை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதன் அளவு, சரியான வட்டத்துக்கு 0) 0.93, நட்சத்திரத்துக்கு சுமார் 45 லட்சம் கிலோமீட்டர் அருகில் வந்துவிட்டு 13 கோடி கிலோமீட்டருக்கு விலகிப் போகிறது. இது வட்டமானால் ஆரம் 90 லட்சம் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

சுற்றிவரும் பொருள் எப்போதும் ஒரே முகத்தைக் காட்டினால் அதன் பாதையும் வட்டமாகிவிட்டது என்று முடிவுகட்டுவது இன்னொரு தவறு. நம் நிலாவே ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது, ஆனால் அதன் மையத்தொலைத்தகவு 0.055. சுழற்சி சீக்கிரம் பூட்டிக்கொள்ளும், பாதை வட்டமாக அதைவிட மிக நீண்ட காலம் பிடிக்கும். அப்புறம், சின்ன எண் என்று எதையும் ஒதுக்கிவிடாதீர்கள். வியாழனின் நிலாவான அயோவுக்கு வெறும் 0.004தான், அதையும் பக்கத்து நிலாக்களான யூரோப்பாவும் கானிமீடும் விடாமல் இழுத்து வைத்திருக்கின்றன, அந்தத் துளி விலகலில்தான் அங்கே அத்தனை எரிமலைகளும் எரிகின்றன.

சரி, ஆய்வகத்துக்கு வருவோம். வட்டம் நிறைய வேண்டும் என்று டிஎன்ஏவை நிறையப் போடாதீர்கள். குழாயில் கூட்டம் அதிகமானால் ஒரு முனைக்குத் தன் மறுமுனையைவிடப் பக்கத்து மூலக்கூறின் முனைதான் முதலில் சிக்கும், உங்களுக்குக் கிடைப்பது நீளச் சங்கிலிகள்தான். நீர்க்கச் செய்யுங்கள். சாதாரண ப்ரைமரில் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ) எடுத்த பிசிஆர் துண்டின், அதாவது குழாயில் நகலெடுத்த டிஎன்ஏ துண்டின், 5' முனையில் பாஸ்பேட் இருக்காது, அதை எத்தனை மணி நேரம் வைத்தாலும் முனைகளை ஒட்டும் நொதியான லைகேஸ் ஒட்டாது. லைகேஸ் வேலை செய்யும் கரைசலான பஃபரைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் அதிலுள்ள ஏடிபி (நொதிக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) கெட்டுவிடும், பழி மட்டும் பாவம் நொதியின் மேல் விழும்.

டிஎன்ஏவை மின்சாரத்தால் ஓடவிட்டுப் பிரிக்கும் ஜெல்லில் நடப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும். வெட்டாத பிளாஸ்மிட்டை (பாக்டீரியாவில் இருக்கும் சின்ன வட்ட டிஎன்ஏ) ஓட்டுகிறோம், ஒரே தடத்தில் இரண்டு பட்டை தெரிகிறது, உடனே 'கலப்படம்' என்று நல்ல மாதிரியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். முறுக்கேறிய வட்டம் கச்சிதமாக இருப்பதால் வேகமாக ஓடும், ஓர் இழையில் வெட்டு விழுந்த தளர்ந்த வட்டம் பின்தங்கும். இரண்டும் ஒரே பிளாஸ்மிட்தான். அளவுகோலாக ஓட்டும் லேடர் (நீளம் தெரிந்த துண்டுகளின் கலவை) வட்டமில்லாத நேர் டிஎன்ஏ, அதை வைத்து வட்டத்தின் நீளத்தைப் படிக்கக் கூடாது. ஒரே இடத்தில் வெட்டும் நொதியால் வெட்டிவிட்டு ஓட்டுங்கள், ஒரே பட்டை வரும்.

வட்ட ஆர்என்ஏவைத் தேடுகிறவர்கள் பாலி-ஏ வாலை (பல ஆர்என்ஏக்களின் முனையில் நீளும் அடினின் வரிசை) பிடித்து இழுக்கும் கிட்டை எடுத்துவிட்டு, ஒன்றுமே கிடைக்கவில்லை என்கிறார்கள். முனையே இல்லாததற்கு வால் எங்கிருந்து வரும்?