1952 டாப்ஸ் மிக்கி மேன்டில் அட்டையை வாங்கும் முன்

அமெரிக்க பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் படம் அச்சிட்ட முதல் சேகரிப்பு அட்டை 1951இல் போமன் நிறுவனம் வெளியிட்டதுதான் என்றாலும், சேகரிப்பாளர்களின் மோகமெல்லாம் அடுத்த ஆண்டு வந்த டாப்ஸ் நிறுவனத்தின் 311ஆம் எண் அட்டையின் மீதே இருக்கிறது. 2022இல் அதன் ஒரு பிரதி 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது.

விலை இப்படி ஏறியிருப்பதால் போலிகளும் மலிந்துவிட்டன. ஆகவே, முதலில் அளவுகோலை எடுங்கள். அசல் அட்டை 2⅝ அங்குல அகலமும் 3¾ அங்குல உயரமும் கொண்டது. 1983இல் டாப்ஸே வெளியிட்ட மறுபதிப்பு 2½க்கு 3½ அங்குலம்தான் என்பதால் உடனே பிடிபட்டுவிடும். அளவு சற்றே குறைந்தால், மழுங்கிய முனைகளை மறைக்க யாரேனும் விளிம்பைச் சீவியிருக்கிறார்களா என்று சந்தேகிக்க வேண்டும். பிறகு உருப்பெருக்கியின் கீழ் எழுத்துகளைப் பாருங்கள். அசலில் கறுப்பு மை இடைவெளியின்றி அடர்ந்திருக்கும். அசலைப் படமெடுத்து அச்சிட்ட போலியிலோ எழுத்தின் ஓரங்கள் பெரும்பாலும் வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும்.

இத்தனை பார்த்தும், பிஎஸ்ஏ, எஸ்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனங்கள் உறையிட்டு முத்திரையிட்ட பிரதியை வாங்குவதே புத்திசாலித்தனம். உறையையும் போலியாகச் செய்கிறார்கள் என்பதால், அதிலுள்ள சான்று எண்ணை அந்நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்த பின்னரே பணம் கொடுங்கள். அட்டையின் நிலைக்கு அவர்கள் தரும் மதிப்பெண் 1 முதல் 10 வரை போகும்; ஒரே மதிப்பெண் பெற்ற இரண்டு அட்டைகளில், முனைகள் சற்று மழுங்கியிருந்தாலும் படம் நடுவில் அமைந்து நிறம் மங்காததையே நான் தேர்ந்தெடுப்பேன். வாங்கிய அட்டையை வெயிலும் ஈரப்பதமும் படாத இடத்தில் வைத்திருங்கள்.