டிபார்ட்மென்ட் ரிசர்ச் ரிட்ரீட்ல போஸ்டர் வைக்கப் போறீங்களா? பாத்தாலஜி ஆளுங்களுக்கு மட்டும்

பாத்தாலஜி டிபார்ட்மென்ட்ல ரிசர்ச் ரிட்ரீட்னு (எல்லாரும் அவங்கவங்க ஆராய்ச்சிய போஸ்டரா காட்டுற நாள்) மெயில் வந்ததும் பாதிப் பேரு அவார்டு யாருக்குன்னு யோசிப்பாங்க, மீதிப் பேரு அன்னிக்கு சைன் அவுட்ட (ஸ்லைடு பாத்து ரிப்போர்ட் குடுக்கிற வேலைய) யார் தலையில கட்டலாம்னு யோசிப்பாங்க. ரெண்டும் நியாயமான கவலைதான். ஆனா நம்ம டிபார்ட்மென்ட்ல ஒரு விசேஷம் இருக்கு, நாள் பூரா மைக்ராஸ்கோப்ல கண்ண வச்சிருக்கிற சர்ஜிக்கல் பாத்தாலஜிஸ்ட், பிளட் பேங்க் பாக்குறவங்க, பயோகெமிஸ்ட்ரி லேப், மைக்ரோபயாலஜி, அப்புறம் வாழ்க்கையில ஒரு பயாப்சி ரிப்போர்ட் கூட எழுதாம எலியும் செல் லைனுமா இருக்கிற பிஹெச்டி ஆளுங்கன்னு எல்லாரும் ஒரே ஹால்ல நிப்பாங்க. உங்க போஸ்டருக்கு வர்ற ஜட்ஜ் இதுல யாரா வேணா இருக்கலாம். உங்க சப்ஜெக்ட் தெரியாத, ஆனா புத்திசாலியான ஒருத்தருக்கு புரியணும், இத வச்சுதான் எல்லா முடிவும் எடுக்கணும்.

அப்ஸ்ட்ராக்ட்ல ஆரம்பிப்போம். எந்த கேட்டகரின்னு முதல்ல பாருங்க, ஸ்டூடன்ட், ரெசிடென்ட், ஃபெலோ, போஸ்ட்டாக், டெக்னாலஜிஸ்ட்னு பெரும்பாலும் தனித்தனியாத்தான் பரிசு இருக்கும், தப்பா டிக் பண்ணிட்டு அப்புறம் ஆஃபீஸ்ல போய் நிக்காதீங்க. வேற கான்ஃபரன்ஸ்க்கு அனுப்பினதையே இங்கயும் போடலாமான்னு கேட்டு வச்சுக்கோங்க. பேட்டன்ட் எடுக்கிற மாதிரி ஏதாவது இருந்தா கைடுகிட்ட பேசாம சப்மிட் பண்ணவே வேணாம், ஃபைல் பண்றதுக்கு முன்னாடி பொதுவில காட்டிட்டா நிறைய நாடுகள்ல அந்த உரிமையே போயிரும். இன்னொண்ணு, "முடிவுகள் விவாதிக்கப்படும்"னு ஒரு வரி எழுதுறத தயவு செஞ்சு விட்டுருங்க, அத படிச்ச உடனே இன்னும் வேலையே முடியலன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும். எத்தனை கேஸ் எடுத்தீங்க, எத்தனை தூக்கிப் போட்டீங்க, ஏன் போட்டீங்க (திசுவ பதிச்சு வச்ச மெழுகு ப்ளாக்ல கட்டியே மிச்சமில்ல, ஃபாலோ அப் இல்ல), கடைசில என்ன நம்பர் வந்துச்சு, அத எழுதுங்க போதும்.

போஸ்டர் சைஸ் ஏ0ன்னா 841க்கு 1189 மில்லிமீட்டர், ஆனா போர்டு நெட்டுக்குத்தா நிக்குதா படுக்கையா இருக்கான்னு பாத்துட்டு பிரின்ட்டுக்கு குடுங்க. தலைப்புல என்ன கண்டுபிடிச்சீங்கன்னு நேரா சொல்லிருங்க. 2019ல மைக் மாரிசன்னு ஒருத்தர், நடுவுல ஒரே ஒரு பெரிய வாக்கியம், ஓரத்துல விவரம்னு ஒரு போஸ்டர் டிசைன் கொண்டு வந்தாரு, அத அப்படியே காப்பி அடிக்கணும்னு இல்ல, நம்ம வேலைக்கு படம் பெருசா வேணும், ஆனா முடிவ தூரத்துல இருந்தே படிக்க முடியணும்ங்கிற அந்த ஐடியா மட்டும் எடுத்துக்கலாம்.

இப்ப படம். நம்ம ஆளுங்க ஜெயிக்கிறதும் கோட்ட விடுறதும் இங்கதான். பன்னெண்டு போட்டோ ஒட்டாதீங்க, ஒரு லோ பவர் ஒரு ஹை பவர், அதுவும் உங்க பாயிண்ட்ட நிரூபிக்கிற இடத்துல அம்புக்குறியோட. "400 மடங்கு"ன்னு கீழ எழுதுறதுக்கு அர்த்தமே இல்ல, ஏ0 தாள்ல பெருசாக்கின அப்புறம் அது எத்தனை மடங்குன்னு யாருக்கும் தெரியாது, ஸ்கேல் பார் (நிஜ அளவ காட்டுற கோடு) போடுங்க. ஸ்லைடுல காலியா இருக்கிற இடம் வெள்ளையா தெரியணும், மஞ்சளாவோ நீலமாவோ இருந்தா ஒயிட் பேலன்ஸ் பண்ணலன்னு அர்த்தம், ஸ்லைடு பாக்குற ஜட்ஜுக்கு அது கண்ணுல குத்தும். இம்யூனோஃப்ளோரசன்ஸ் (ஒளிரும் சாயம் போட்ட) படத்துல சிவப்பு பச்சைய ஜோடி சேக்காதீங்க, ஆம்பளைங்கள்ல ஏறக்குறைய 12 பேர்ல ஒருத்தருக்கு அந்த ரெண்டுக்கும் வித்தியாசம் சரியா தெரியாதுன்னு சொல்வாங்க, மெஜன்டாவும் பச்சையும் வச்சா பிரச்சனை இல்ல.

நோயாளி அடையாளம் பத்தி எல்லாருக்கும் தெரியும்னு நினைப்போம், ஆனா நழுவுற இடங்கள் வேற. கிராஸ் போட்டோவ (வெட்டி எடுத்த திசுவ மைக்ராஸ்கோப் இல்லாம எடுத்த படம்) பெருசு பண்ணிப் பாருங்க, ஸ்பெசிமன் பக்கத்துல வச்ச ஸ்கேல்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிருக்கும், அதுல கேஸ் நம்பர் பளிச்சுன்னு இருக்கும். சரி அந்த ஓரத்த பவர்பாயிண்ட்ல க்ராப் பண்ணிட்டோம்னு நிம்மதியா இருப்பீங்க, க்ராப் பண்ண பகுதி ஃபைலுக்குள்ளயே இருக்கும், யாராவது அத இழுத்தா திரும்ப வந்துரும், "க்ராப் பண்ணத டெலீட் பண்ணு"ங்கிற ஆப்ஷன தனியா அழுத்தணும். ஸ்கேன் பண்ண ஸ்லைடு ஃபைலயே யாருக்காவது ஷேர் பண்றீங்கன்னா லேபிள் படமும் அதுக்குள்ளயே சேந்து இருக்கலாம், அதையும் எடுத்துட்டு குடுங்க.

அடுத்து நம்பர். ரெண்டு பாத்தாலஜிஸ்ட் ஸ்கோர் பண்ணாங்கன்னா கப்பா வேல்யூ (தற்செயலா ஒத்துப்போறத கழிச்சுட்டு எவ்ளோ ஒத்துப்போச்சுங்கிற நம்பர்) போடுங்க, "90 சதவீதம் ஒத்துப்போச்சு"ன்னு மட்டும் சொன்னா, முக்காவாசி கேஸ் நெகட்டிவா இருந்தா கண்ண மூடிட்டு நெகட்டிவ்னு சொன்னாலே நிறைய ஒத்துப்போகும்ல. கேஐ-67 (பெருகிட்டு இருக்கிற செல்ல காட்டுற ஸ்டெயின்) எண்ணினவங்களுக்கு இந்த வலி நல்லாவே தெரியும். க்யூபாத் மாதிரி சாஃப்ட்வேர் வச்சு எண்ணினா (பெல்ஃபாஸ்ட்ல குயின்ஸ் யுனிவர்சிட்டில உருவானது, இலவசம்) எந்த த்ரெஷோல்டு (பாசிட்டிவ்னு எடுத்துக்கிற எல்லை) வச்சீங்கன்னு எழுதுங்க. சர்வைவல் கர்வ் போட்டா அதுக்கு அடியில ஒவ்வொரு கட்டத்துலயும் எத்தனை பேர் மிச்சம்னு ஒரு வரிசை வேணும், கர்வோட வால் பகுதில நாலு பேர வச்சு பெரிய வித்தியாசம் காட்டுறவங்க இருக்காங்க, பழம் தின்னு கொட்டை போட்ட ஜட்ஜ் முதல்ல அங்கதான் கை வைப்பாரு.

ஜட்ஜ் வந்ததும் மடமடன்னு ஒப்பிக்க ஆரம்பிக்காதீங்க. "சார், நீங்க ஸ்லைடு பாக்குறவங்களா, லேப் பக்கமா?"ன்னு கேட்டா யாரும் கோச்சுக்க மாட்டாங்க. ஸ்லைடு பாக்குறவர்னா நேரா படத்துக்கு போங்க. லேப் ஆளுன்னா இப்படி: "இந்த ரெண்டு கட்டியும் மைக்ராஸ்கோப்ல ஒரே மாதிரி இருக்கும் மேடம், ட்ரீட்மென்ட் வேற வேற, பிரிச்சுப் பாக்க இந்த ஒரு ஸ்டெயின் போதுமான்னு பாத்தோம், எங்க கேஸ்கள்ல போதும்னு வந்துச்சு, இந்த வகையில மட்டும் சொதப்புது." அவ்ளோதான், ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிச்சிட்டு வாய மூடிட்டு நில்லுங்க, கேள்வி வரட்டும், மார்க்கு நிறைய அங்கதான் இருக்கு.

வர்ற கேள்விகளும் பெரும்பாலும் ஒரே ரகம்தான். ஸ்கோர் பண்ணவங்களுக்கு நோயாளிக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியுமா? கண்ட்ரோல் எங்க? திசு கெடாம இருக்க போடுற ஃபார்மலின்ல எவ்ளோ நேரம் இருந்துச்சு? (மார்பகப் புற்றுநோய்ல எந்த ட்ரீட்மென்ட்னு முடிவு பண்ண உதவுற ஈஆர், ஹெர்2 புரோட்டீன பாக்கணும்னா 6ல இருந்து 72 மணி நேரம்னு கைடுலைன் இருக்கு, உங்க ப்ளாக்குக எல்லாம் அதுக்குள்ள வருதான்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க.) ஆன்டிபாடி க்ளோன் (ஒரே புரோட்டீன பிடிக்கிற ஆன்டிபாடிலயே தனித்தனி வகை) எது? பிடி-எல்1ங்கிற புரோட்டீனுக்கு 22சி3 க்ளோன் போட்டா ஒரு மாதிரி, எஸ்பி142 க்ளோன் போட்டா கட்டி செல்லு குறைவாத்தான் பிடிக்கும், அதனால க்ளோன் பேர் இல்லாத போஸ்டர் பாதி போஸ்டர். டிஷ்யூ மைக்ரோஅர்ரே (நிறைய கட்டில இருந்து சின்னச் சின்ன துண்டு எடுத்து ஒரே ப்ளாக்ல அடுக்குறது) பண்ணிருந்தா, அவ்ளோ சின்ன கோர் முழுக் கட்டிய காட்டுமான்னு நிச்சயம் கேப்பாங்க. பதில் தெரியலன்னா "அத நாங்க பாக்கல"ன்னு சொல்லிருங்க, சுத்தி வளைச்சா முகத்துலயே தெரிஞ்சிரும்.

நடத்துறவங்க யாராவது இத படிச்சா ரெண்டு வார்த்தை. சொந்த லேப் பசங்களுக்கு யாரும் மார்க் போடக் கூடாது, ஒரு போஸ்டர குறைஞ்சது ரெண்டு மூணு பேர் பாக்கணும், அதுல ஒருத்தராவது ஸ்லைடு பக்கமும் ஒருத்தராவது லேப் பக்கமும் இருக்கணும். சில ஜட்ஜ் எல்லாருக்கும் பத்துக்கு ஒம்போது அள்ளிக் குடுப்பாரு, சிலர் அஞ்சுக்கு மேல போகவே மாட்டாங்க, அதனால மார்க்க அப்படியே கூட்டாம ஒவ்வொரு ஜட்ஜோட லிஸ்ட்லயும் யார் எந்த ரேங்க்னு பாருங்க. ஸ்கோர் ஷீட்ட முன்னாடியே எல்லாருக்கும் அனுப்பிட்டா பாதி புலம்பல் குறையும்.

ஹிஸ்டோ லேப்ல ராத்திரி வரைக்கும் உக்காந்து உங்களுக்கு செக்ஷன் வெட்டிக் குடுத்தாங்கல்ல, அவங்க பேரு போஸ்டர்ல எங்கயாவது இருக்கான்னு பாத்துக்கோங்க. நன்றில ஒரு வரி குறைஞ்சபட்சம், மெத்தட செட் பண்ணதே அவங்கன்னா ஆத்தர் லிஸ்ட்லயே வரணும், கைடு முணுமுணுத்தாலும் பரவால்ல.

அவார்டு கிடைச்சா சிவில "டிபார்ட்மென்ட் அவார்டு"ன்னே போடுங்க, நேஷனல் ரேஞ்சுக்கு ஊதாதீங்க, இன்டர்வியூல ஒரே கேள்வில உடைஞ்சிரும். கிடைச்சாலும் கிடைக்காட்டியும் ஜட்ஜ் கமென்ட் ஷீட்ட கேட்டு வாங்குங்க. இன்னொரு ஸ்டெயின் போட்டா நல்லா இருக்கும்னு யாராவது சொல்லிருந்தா அந்த வாரமே போட்டுருங்க, ப்ளாக்குக எல்லாம் ஸ்டோருக்கு திரும்பிப் போயிட்டா மறுபடியும் ரிக்வெஸ்ட் எழுதி தேடி எடுக்கிறதுக்குள்ள பேப்பர் அனுப்ப வேண்டிய தேதியே வந்துரும்.