செம்பு ஹாட்பாட்டுக்கு என்ன எரிக்கலாம்: பலரும் சொதப்புற இடங்கள்

பெய்ஜிங் ஸ்டைல் செம்பு ஹாட்பாட் பாத்திருப்பீங்க, நடுவுல புகைபோக்கி, அதுக்குள்ள கரி, சுத்தி கொதிக்கிற தண்ணி, மெல்லிசா சீவின ஆட்டுக்கறியை அதுல முக்கி எள்ளு சாஸ்ல தொட்டு சாப்பிடுறது. 1903ல ஆரம்பிச்ச டோங்லைஷுன் மாதிரி கடைங்க ஃபேமஸ் ஆனதே இதுலதான். இப்ப ஆன்லைன்ல பானை ஈஸியா கிடைக்குது, ஆனா வாங்குறவங்க பானைக்கு ரிவ்யூ தேடுற அளவுக்கு கரியை பத்தி யோசிக்கிறதில்ல.

பார்பிக்யூவுக்கு வாங்கின பிரிக்கெட் மிச்சம் இருக்கேன்னு அதை போடாதீங்க. அது கரித்தூளை மாவு பசை போட்டு அழுத்தினது, சாம்பல் ஜாஸ்தி, கீழ இருக்கிற சின்ன கம்பி வலை அடைச்சுக்கும், காத்து ஏறாது, பாதி சாப்பாட்டுல கொதி நின்னுடும். தீக்குச்சி வெச்சதும் பத்திக்கும்னு விக்கிற ரகத்துல கெமிக்கல் வேற இருக்கும், கறியெல்லாம் அந்த வாடைதான். நல்ல கட்டை மரக்கரி, இல்லன்னா மரத்தூளை அழுத்தி நடுவுல ஓட்டை விட்டு செய்யுற கரி வாங்குங்க. ரெண்டு துண்டை தட்டிப் பாருங்க, டங்குன்னு சத்தம் வந்தா நல்லா வெந்த கரி. ஈரக்கரி பட்டு பட்டுன்னு வெடிக்கும். பின்சோட்டான்னு ஜப்பான்காரங்க செய்யுற கெட்டியான மரக்கரியும் சட்டுனு சூடேத்தினா தெறிக்கும், பத்த வைக்கவும் நேரமாகும், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு அது எதுக்கு.

கரியை வெளியிலயே தனியா பத்த வெச்சு, மேல சாம்பல் பூத்ததும் இடுக்கியால எடுத்து போடணும், மண்ணெண்ணெய் பக்கமே போகாதீங்க. அதுக்கு முன்னாடி பானைல தண்ணி இருக்கணும், இது ரொம்ப முக்கியம், ஏன்னா நிறைய செம்பு பானைக்கு உள்ள வெள்ளீயம் பூசியிருப்பாங்க, அது 232 டிகிரிலயே உருகிடும், தண்ணி இருக்கிற வரைக்கும் சூடு 100ஐ தாண்டாது.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு, "புகையே வரல, அதனால சேஃப்"னு நினைக்கிறது. புகை இல்லாம செக்கச்செவேல்னு கனலுற கரியும் கார்பன் மோனாக்சைடுங்கிற விஷ வாயுவை விடும், அதுக்கு நிறமும் கிடையாது வாசமும் கிடையாது. தலைவலி, குமட்டல் வந்தா ஓவரா சாப்பிட்டோம்னு தோணும், உடனே எல்லாரும் வெளிய போங்க, டாக்டரையும் பாருங்க. ஏசி போட்ட ரூம்ல கரி வேணவே வேணாம், ஜன்னலை திறந்தா போதும்னும் நம்பாதீங்க. மொட்டை மாடி, முற்றம் மாதிரி திறந்த இடம் இருந்தா சரி. அபார்ட்மென்ட்னா என் ஓட்டு கரண்ட்ல ஓடுற செம்பு பானைக்குத்தான், டேஸ்ட் கொஞ்சம் குறையும்னு சொல்லுவாங்க, சொல்லட்டும்.

ஆல்கஹால் ஜெல் ஒருத்தர் சாப்பிடுற குட்டி பானைக்கு ஓகே, பெருசுக்கு தாங்காது. எரியும்போதே மேல ஊத்துறது பெரிய ஆபத்து, வெளிச்சத்துல அந்த நெருப்பு கண்ணுக்கே தெரியாது, அணைஞ்சிடுச்சுன்னு நினைச்சு ஊத்தினா தீ டப்பாவுக்குள்ளயே பாயும். முழுசா அணைஞ்சு ஆறட்டும், அப்புறம் ஊத்துங்க. பியூட்டேன் அடுப்புன்னா தட்டையான பானை மட்டும்தான், அதுவும் கேஸ் டப்பா மேல நீட்டிக்கிட்டு இருக்கிற அகலத்துல வேணாம், சூடேறி டப்பா வெடிக்கும்.

மிச்ச கரியை மூடி போட்ட தகர டப்பால கொட்டி வெளியவே வைங்க, மறுநாள் வரைக்கும் குப்பைக்கூடைல போடாதீங்க, வீட்டுக்குள்ளயும் கொண்டு வராதீங்க, உள்ள கனல் இருக்கிற வரைக்கும் அதே கேஸ்தான் வரும்.