ஒரு புரோட்டீன் எவ்வளவு வேகமா அழியுதுன்னு அளக்கிறது எப்படி

வெஸ்டர்ன் பிளாட்ல (புரோட்டீன ஜெல்லுல பிரிச்சு ஆன்டிபாடியால கண்டுபிடிக்கிற சோதனை) அந்தப் புரோட்டீனோட பேண்ட், அதாவது பட்டை, மங்கிட்டே போறதப் பாத்து "குறையுது"ன்னு எழுதினா பத்தாதுங்க, எத்தனை நிமிஷத்துல பாதியாகுதுன்னு சொல்லணும். அதுக்குத்தான் சைக்ளோஹெக்ஸிமைடு சேஸ், அதாவது புதுசா புரோட்டீன் உருவாகறத மருந்தால நிறுத்திட்டு, ஏற்கனவே இருக்கறது எப்படிக் குறையுதுன்னு அளக்கிற முறை. செல்லுக்குள்ள புரோட்டீன் ஒரு பக்கம் உருவாகிட்டே இருக்கும், இன்னொரு பக்கம் அழிஞ்சிட்டே இருக்கும், குழாயத் தொறந்து வச்சுகிட்டு தொட்டி எவ்ளோ வேகமா காலியாகுதுன்னு அளக்க முடியுமா? சைக்ளோஹெக்ஸிமைடு, புரோட்டீன் செய்யற ரைபோசோம நிறுத்தி அந்தக் குழாய மூடிடும். பொதுவா மில்லிக்கு 50லிருந்து 100 மைக்ரோகிராம் போடுவாங்க, விஷம், க்ளவுஸ் இல்லாம தொடாதீங்க.

பி53ங்கற புரோட்டீன எடுத்துக்கலாம், எம்டிஎம்2ங்கற இன்னொரு புரோட்டீன் அதுல யுபிக்விட்டின்ங்கற அடையாளத்த ஒட்டி, புரோட்டீன்கள அழிக்கிற ப்ரோட்டியாசோமுக்கு அனுப்பிடறதால சாதாரண செல்லுல அரை ஆயுள் (பாதியாக ஆகுற நேரம்) சுமார் 20 நிமிஷம்தான். அதனால 0, 10, 20, 40, 60 நிமிஷம்னு வைங்க, 2 மணி நேரத்துக்கு ஒரு தடவ எடுத்தா ஜெல்லோட ரெண்டாவது லேன்லயே (சாம்பிள் ஓடுற வரிசை) ஒண்ணும் இருக்காது.

மருந்த தலைகீழா போடுங்க. 60 நிமிஷ பிளேட்டுக்கு முதல்ல, அப்புறம் 40, 20, 10, பூஜ்ய பிளேட்டுக்கு மருந்து இல்லாம, அதக் கரைக்கற திரவமான டிஎம்எஸ்ஓ மட்டும். கடைசில எல்லாத்தையும் ஒண்ணா ஐஸ்ல வச்சு ஒரே நேரத்துல லைஸ் பண்ணிடலாம் (செல்ல உடைச்சு புரோட்டீன வெளிய எடுக்கறது), ஒரு பிளேட் காத்துகிட்டு கெடக்காது.

இப்ப நான் ரொம்ப கஷ்டப்பட்டு கத்துகிட்ட விஷயம். பூஜ்ய நேர பேண்ட் கருகருன்னு சூப்பரா இருக்கேன்னு சந்தோஷப்பட்டேன், அது சாச்சுரேட் ஆகியிருந்துச்சு (அளவு எல்லைய தாண்டி, அதுக்கு மேல கூடறது தெரியாமப் போறது), அதனால 100ன்னு நான் வச்சது உண்மையில அதவிட எவ்வளவோ அதிகம், அரை ஆயுள் ரெண்டு மடங்கா வந்து நின்னுச்சு, மூணு வாரம் போச்சு. அதனால பூஜ்ய சாம்பிளையே முழுசு, பாதி, கால், அரைக்கால்னு நீர்த்து அதே ஜெல்லுல ஓட்டுங்க, பாதி லேன் பாதியா தெரியலன்னா எக்ஸ்போஷர குறைங்க.

ஒவ்வொரு பேண்டயும் பேக்ரவுண்ட் கழிச்சு, அளவு மாறாத ஒப்பீட்டுப் புரோட்டீனான ஆக்டினோட பேண்டால வகுத்து, பூஜ்யத்த 100 ஆக்குங்க. 71, 50, 25, 12.5ன்னு வந்தா மொத்தமா 87.5 குறைஞ்சிருக்கு, அத 60ஆல வகுத்து "நிமிஷத்துக்கு 1.46 சதவீதம்"னு எழுதறாங்க பாருங்க, அது தப்பு. ஒவ்வொரு 20 நிமிஷத்துக்கும் இருக்கறதுல பாதி போகுது, இது விகிதக் கணக்கு. இயற்கை லாக் எடுத்து நேரத்துக்கு எதிரா வரைஞ்சா நேர்கோடு வரும், சரிவு 0.0347, 0.693ஐ அதால வகுத்தா 20 நிமிஷம்.

ப்ரோட்டியாசோம தடுக்கற மருந்தான எம்ஜி132 போட்ட செட் ஒண்ணு கூடவே வைங்க, அதுல பேண்ட் குறையாம நின்னாதான் ப்ரோட்டியாசோம் வழியா போகுதுன்னு சொல்ல முடியும். தனித்தனி நாள்ல மூணு தடவ பண்ணி, ஒவ்வொண்ணுக்கும் அரை ஆயுள் கண்டுபிடிச்சு அப்புறம் சராசரி எடுங்க. கடைசி பேண்ட் பேக்ரவுண்டோட கலந்துட்டா அந்தப் புள்ளிய கோட்டுல சேக்காதீங்க.